உஷார்! கையில் வெட்டா? தையலுக்கு முன் கேளுங்கள்

கண்ணாடி டம்ளர் உடைந்து சுண்டுவிரல் அடியில் அரை அங்குல வெட்டு. தெருமுனை கிளினிக்கில் நாலு தையல், ஒரு டி.டி. ஊசி. பத்து நாளில் காயம் ஆறிவிடுகிறது. விரல் நுனி மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது. உள்ளே தசைநாண் அறுந்ததை யாரும் பார்க்கவே இல்லை!

கை விஷயத்தில் காயத்தின் அளவை நம்பாதீர்கள். அறுந்த நாணின் ஒரு முனை உள்ளங்கைக்குள் சுருங்கி ஓடிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நேராக இழுத்துத் தைக்க முடியாமல், வேறு இடத்து நாணை எடுத்து ஒட்ட வேண்டிய நிலை வரலாம். அதனால் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். விரலின் இரு பக்கமும் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஊசியை எடுக்கிறாரா? கையை இழுத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

விரலின் ரத்தக்குழாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முடியைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்க வேண்டும். கூட நின்று வேடிக்கை பார்த்து வருகிற வித்தையல்ல இது. எம்.எஸ். முடித்தவர்களுக்கே, கை அறுவை சிகிச்சை எம்.சிஹெச். என்று மேலும் 3 ஆண்டுப் படிப்பு இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் அதைச் சொல்லித்தருகிறார்கள். கோவை கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு டாக்டர்களே பயிற்சிக்கு வருகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கியது 1940-களின் கடைசியில். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் போவதோ முதலில் கண்ணில் படும் போர்டுக்கு! இரண்டு நாள் பயிலரங்கு சர்டிபிகேட்டும் சுவரில் ஜம்மென்றுதான் தொங்கும். "கை அறுவையில் எங்கே, எத்தனை வருஷம் பயிற்சி எடுத்தீர்கள் டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பவர் பிரஸ்ஸிலோ கரும்பு ஜூஸ் மெஷினிலோ விரல் துண்டானால் இன்னும் உஷார். துண்டை நேரடியாக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். மணிக்கட்டுக்கு மேலே துண்டாகியிருந்தால் சதை அதிகம், கெடுவும் குறைவு: ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். கிளம்பும்போதே போன் போட்டு, மைக்ரோ சர்ஜரி செய்கிற டாக்டர் இப்போது இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.