மழை புகாத கூரையில் நீர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கூரைக்குள் ஈரம் என்றால் ஓடு உடைந்திருக்கிறது என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில், ஒரு துளி மழையும் இறங்காத கூரையிலேயே மரம் இற்றுப்போவதுண்டு. அந்த நீர் மேலிருந்து வருவதன்று, வீட்டுக்குள்ளிருந்தே வருவது!

அங்கே குளிரைத் தடுக்க, கைமரங்களுக்கு இடையே மரநார் மெத்தைகளையோ, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சையோ அடைக்கிறார்கள். அறையில் சமையல், குளியல், நம் மூச்சு எல்லாவற்றாலும் நீராவி சேர்கிறது. இனி நாம் வகுப்பில் படித்த பனிநிலைதான் வேலை செய்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அறைக் காற்றில் பாதியளவு, அதாவது எட்டரை கிராம் இருப்பதாகக் கொள்வோம். அது கூரைக்குள் கசிந்து, 9 டிகிரிக்குக் குளிர்ந்ததும் தெவிட்டிவிடுகிறது. 0 டிகிரியை எட்டுவதற்குள் ஏறத்தாழ 4 கிராம் நீராகி, வெளிப்பலகையின் அடியில் வியர்வைபோல் படிகிறது.

மரநாருக்கு ஒரு நற்குணம் உண்டு. கண்ணாடி நார் போலன்றி, ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பின்னர் திருப்பித் தரும். ஆயினும் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். என் தந்தை தச்சர். பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். பச்சை மரத்தில் நிலை கேட்டு வருவோரிடம், "காயட்டும்" என்ற ஒரே சொல்லோடு அனுப்பிவிடுவார். விழுக்காடெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

உட்புறம் ஒரு பாலித்தீன் தாளை ஒட்டினால் தீராதா என்று நண்பர்கள் கேட்கலாம். பாதி தீரும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும், தாளை ஊடுருவுவதைவிடப் பன்மடங்கு நீராவியைக் காற்றோட்டம் உள்ளே கொண்டுசேர்க்கும். மேலே தார்த்தாளும் கீழே பாலித்தீனும் இருந்தால், புகுந்த ஈரம் வெளியேற வழியேது? மூடிய டப்பாவில் போட்ட ஈரத்துணிதான்! 1990களில் ஹோல்ஸ்கிர்சனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிலையத்தார் நைலான் வகைத் தாள் ஒன்றை உருவாக்கினர். குளிர்காலத்தில் வறண்டிருக்கும்போது அது நீராவியைத் தடுக்கும். கோடையில் ஈரம் பட்டதும் வழிவிடும். 2012இல் வந்த ஜெர்மன் தரவிதியோ, கணக்கிட்ட ஈரத்துக்கும் மேலாக, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 250 கிராம் உலரும் திறன் கூரைக்கு வேண்டும் என்றது. அடைப்பதைவிட உலர விடுவதே முக்கியம் என்பது என் கருத்தும்.

இப்போது என் தந்தையிடமும் குளிர்சாதன அறைக்கு மரச் சீலிங் கேட்டு வருகிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனிநிலை 26 டிகிரி. அறையோ 24 டிகிரி. நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஜெர்மன் வரைபடத்தை அப்படியே பார்த்துப் பாலித்தீனை அறைப்பக்கம் ஒட்டினால், அதன் மேல்முகத்திலேயே, மரத்தை ஒட்டியே, நீர் கோக்கும்.