யார் முடிவெடுப்பது? – பிரிட்டிஷ் வாக்குரிமைப் போராட்டத்தின் வழிமுறைகள் குறித்துச் சில குறிப்புகள்

பிரிட்டனில் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற கதையை இருவிதமாகச் சொல்வார்கள். மனுப் போட்டுப் பொறுமையாக நின்றவர்களால் கிடைத்தது என்பது ஒன்று. கல்லெறிந்து சிறைக்குப் போனவர்களால் கிடைத்தது என்பது இன்னொன்று. 'மிதவாதம் / தீவிரவாதம்' என்கிற இந்த இருமை எதிர்வு நமக்கும் பழகிப்போனதுதான். ஆனால் இது சொல்வதைவிட மறைப்பதே அதிகம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் விவரங்கள். 1897இல் உருவாகி, மில்லிசென்ட் ஃபாசெட்டின் தலைமையில் இயங்கிய வாக்குரிமைச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சட்டத்துக்குட்பட்ட வழியை நம்பியது: மனு, பொதுக்கூட்டம், ஊர்வலம். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கம் 'சொல் அல்ல, செயல்' என்றது. 1905இல் ஓர் அரசியல் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டதில் அவர் மகள் கிறிஸ்டபெல்லும் ஆலைத் தொழிலாளி ஆனி கென்னியும் கைதானார்கள். இவர்களைக் கிண்டல் செய்ய 1906இல் 'டெய்லி மெயில்' உண்டாக்கிய சொல்தான் 'சஃப்ரஜெட்'. வசையையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1912இல் லண்டன் கடைவீதிக் கண்ணாடிகள் நொறுங்கின. பிறகு கட்டிடங்களுக்குத் தீ வைத்தார்கள்.

இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஒன்று உண்டு. 1907இல் பாங்க்ஹர்ஸ்ட் சங்கத்தின் அமைப்பு விதிகளைத் தூக்கிப்போட்டார். இனி முடிவுகளைத் தலைமையே எடுக்கும். படைக்குள் ஓட்டெடுப்பு எதற்கு என்பது தர்க்கம். இதை ஏற்காத சார்லட் டெஸ்பார்ட் முதலியோர் வெளியேறிப் பெண்கள் விடுதலைக் கழகத்தை அமைத்தார்கள். சட்டத்தை மீறலாம், கொளுத்தக் கூடாது என்பது இவர்கள் வழி. வரி கட்ட மறுத்தார்கள். 1908இல் நாடாளுமன்றத்தில் பெண் பார்வையாளர்களை மறைத்திருந்த கம்பித் தடுப்பில் இருவர் தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள்: ஓட்டில் எண்ணப்படாதவள் தலைக்கணக்கில் மட்டும் எதற்கு?

கவனியுங்கள், 1907இல் தீவைப்பு இன்னும் தொடங்கவில்லை. பிளவு வந்தது சங்கத்துக்குள் யார் முடிவெடுப்பது என்ற கேள்வியில்.

வழிமுறைக்குள் வர்க்கமும் இருக்கிறது. பிரபு குடும்பத்து கான்ஸ்டன்ஸ் லிட்டன் 1909இல் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, இதயம் பலவீனம் என்று விட்டுவிட்டார்கள். (தாது வருஷப் பஞ்சத்தின்போது வைஸ்ராயாக இருந்த அதே லிட்டனின் மகள்தான் இவர்.) 1910 ஜனவரியில் ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக வேடமிட்டு லிவர்பூலில் கைதானார். இப்போது யாரும் இதயத்தைச் சோதிக்கவில்லை. தொண்டைக்குள் குழாயைச் செருகி உணவைக் கொட்டினார்கள். அதே உடல், அதே பட்டினி. பெயர்தான் வேறு.

கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களோடு வேலை செய்த இன்னொரு மகள் சில்வியாவை 1914 ஜனவரியில் சங்கம் வெளியேற்றியது. ஆகஸ்டில் போர் வந்ததும் தலைமை போராட்டத்தை நிறுத்திப் போரை ஆதரித்தது. தேசியக் கூட்டமைப்பிலும் 1915இல் சமாதானப் பிரச்சினையில் பிளவு வந்தது. நிர்வாகக் குழுவினர் பலர் ராஜினாமா செய்தார்கள். ஆனால் அங்கே விவாதித்துப் பிரிய இடம் இருந்தது.

1918 சட்டம் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டுத் தந்தது. போர்க்காலத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்கள் வெளியே நின்றார்கள். ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு என்பது 1928இல்தான்.

எந்த வழி ஓட்டைப் பெற்றுத் தந்தது என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. கல் விழாமல் அரசு திரும்பிப் பார்த்திருக்காது என்பார்கள். பேசத் தெரிந்தவர்கள் இல்லாமல் சட்டம் வந்திருக்காது என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். என்னைத் தொந்தரவு செய்வது வேறு: வெளியே ஓட்டுக் கேட்கிற இயக்கம், உள்ளே ஓட்டெடுப்பை நிறுத்திவைக்கலாமா? 'முதல்ல ஜெயிப்போம், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது நமக்கும் கேட்டுப் பழகிய குரல்தானே. 1907இல் எழுந்து வெளியே போனவர்கள் அந்த 'அப்புற'த்தை நம்பவில்லை.