எதிர்வெயிலில் எடுத்த படம்

ஓவியனுக்கு வண்ணம் எத்தகையதோ, நிழற்படக் கலைஞனுக்கு ஒளி அத்தகையது. வண்ணத்தை ஓவியன் தான் விரும்பியவாறு குழைத்துக்கொள்ளலாம். வெட்டவெளியில் படம் எடுப்பவனோ, கதிரவனை இடம் மாற்றி வைத்தல் இயலாது. ஆயினும், தான் நிற்கும் இடத்தையும், படத்திற்கு உரியவர் இருக்கும் இடத்தையும் அவன் மாற்றலாம். அம்மாற்றம் ஒன்றே ஒருவருடைய முகத்தின் இயல்பைக் காட்டவும் வல்லது, மறைக்கவும் வல்லது.

ஓர் இல்லத்தில் எண்பது வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கொள்க. அவரைத் தனியே எடுத்த படம் ஒன்றும் அவ்வீட்டில் இல்லை. அக்குறையைப் போக்க எண்ணிய பேரன், அவரை முற்றத்தில் கதிரவனை நோக்கி அமர்த்துகிறான். “கண்ணை நன்றாகத் திறந்து பாருங்கள், பாட்டி” என்கிறான். “கண் கூசுகிறதப்பா, எப்படித் திறப்பேன்?” என்கிறார் அவர். படம் தெளிவாகவே விழுகிறது. ஆனால், அதில் காண்பவை சுருங்கிய கண்களும் சுளித்த நெற்றியுமே. வீட்டார் நாளும் கண்டு மகிழ்ந்த கனிந்த முகம் அதில் இல்லை.

பேரன் செய்தது பழைய விதி ஒன்றைப் பின்பற்றியதே ஆகும். கதிரவன் படம் எடுப்பவரின் முதுகுப்புறத்தே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. அது காரணமின்றி எழுந்ததன்று. 1900ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தார் ‘பிரௌனி’ என்னும் எளிய காமிராவை ஒரு டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். அத்தகைய பெட்டிக் காமிராக்களில், உள்ளே புகும் ஒளியின் அளவை வேண்டியவாறு மாற்றும் வசதி மிகக் குறைவு. அக்காலத்துப் படச்சுருளும் ஒளியை விரைந்து ஏற்கும் தன்மையதன்று. ஆதலின், நல்ல வெயில் நேரே விழுந்தாலன்றி உருவம் செவ்வனே பதியாது. இன்றைய கருவிகளோ நிழலிலும் நன்கு படம் பிடிக்கின்றன. காரணம் நீங்கிய பின்னும் விதி மட்டும் நீங்காமல் நிற்கிறது.

அம்மூதாட்டியைக் கதிரவனுக்கு முதுகு காட்டி அமரச் செய்தால் என்ன நிகழும்? கூச்சம் நீங்கிக் கண்கள் இயல்பாகத் திறக்கும். வானத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் மெல்லொளி முகத்தில் சீராகப் பரவும். பின்னிருந்து வரும் வெயில் நரைமயிரின் ஓரங்களிலும் தோள்களிலும் பட்டு, வெள்ளிக் கோடு இழுத்தாற்போல மின்னும். அக்கோடு உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். இதுவே பின்னொளி எனப்படும். வாழையிலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அதன் நரம்புகள் எல்லாம் ஒளிர்வதைக் காணலாம். மெல்லிய துணியும் அவ்வாறே ஒளிரும்.

எனினும், பின்னொளியில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. மனிதனின் கண், ஒளிமிக்க வானத்தையும் நிழலில் உள்ள முகத்தையும் ஒருங்கே கண்டுணரும். காமிராவிற்கு அத்துணை ஆற்றல் இல்லை. அதனுள் அமைந்த ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வானம் மிக ஒளிர்வதால், அது ஒளியைக் குறைத்துவிடும். முகமோ கரிய நிழலாகிப் போகும். பனையேறும் ஒருவரின் வடிவத்தைக் காட்ட அந்நிழல் உதவலாம்; பாட்டியின் முகத்தைக் காட்ட உதவாது.

ஆகவே, ஒளியளவை வானத்திற்கன்று, முகத்திற்கே கணித்தல் வேண்டும். ஒளியளவை ஒரு படி கூட்டினால் ஒளி இருமடங்காகும். இரண்டு படி கூட்டினால் நான்மடங்காகும். கைப்பேசியில் எடுப்பவர் திரையில் முகத்தைத் தொட்டாலே பெரும்பாலும் அளவு மாறும். ஆயினும், கருநிற முகத்தையும் ஒளிமானி சாம்பலாக்கவே முயலும் என்பதை மறத்தலாகாது. அப்போது ஒளியைச் சிறிது குறைத்து, முகத்தின் இயல்பான நிறத்தைக் காத்தல் வேண்டும். முகம் தெளியும்போது வானம் வெளுத்துப்போதல் கூடும். இரண்டையும் ஒருங்கே பெற இயலாதபோது எதை விடுவது, எதைக் காப்பது என்று முடிவு செய்பவன் கலைஞனே, கருவியன்று.

முகத்திற்கு ஒளி போதாவிடின், அதனை எதிரொளியால் பெறலாம். மூதாட்டியின் எதிரே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால், அதில் பட்ட வெயில் மென்மையாகத் திரும்பி முகத்தில் விழும். சுண்ணாம்பு அடித்த சுவரும் வெண்மணலும் அவ்வுதவியைச் செய்யும். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியத் திரைப்படம் இம்முறைக்குச் சிறந்த சான்றாகும். அதனை இயக்கியவர் அகிரா குரோசாவா; ஒளிப்பதிவு செய்தவர் கசுவோ மியாகாவா. காமிராவைக் கதிரவனை நோக்கித் திருப்பவே பலரும் அஞ்சிய காலம் அது. மியாகாவாவோ காட்டு மரங்களின் இலைகளுக்கிடையே கதிரவனையே படம் பிடித்தார். அடர்ந்த நிழலில் நின்ற நடிகர்கள்மீது கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி விழச்செய்தார். அப்படம் 1951ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் தலையாய பரிசைப் பெற்றது.

பின்னொளிக்கு ஏற்ற பொழுது காலையும் மாலையுமே. உச்சி வெயில் தலைமேல் விழுமேயன்றிப் பின்னிருந்து விழாது. கதிரவன் தொடுவானில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிவிடுவதால், எஞ்சுவது பொன்னொளியாகிறது. தமிழ்நாட்டில் கதிரவன் செங்குத்தாக எழுந்து, முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 14 பாகை உயர்ந்துவிடுகிறான். கனடா போன்ற வடநாடுகளில் அவன் சாய்வாக எழுவதால் பொன்னொளி நெடுநேரம் நீடிக்கிறது. ஆகையால், இங்குப் படம் எடுப்பவர் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

வெயில் நேரே வில்லையில் பட்டால், படம் மங்கி ஒளிப்புள்ளிகள் தோன்றும். கதிரவனை மரத்தின் பின்னோ கூரையின் பின்னோ மறையுமாறு அமைத்தல் நன்று. வில்லைக்கு மேலே கையால் நிழல் செய்தலும் பயன்தரும். காமிராவின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே கதிரவனை நோக்குதல் ஒருபோதும் கூடாது. அது பார்வையையே அழித்துவிடும்.

இவற்றை அறிந்த பேரன், மாலைப்பொழுதில் பாட்டியை மீண்டும் முற்றத்தில் அமர்த்துகிறான். இம்முறை வெயில் அவர் முதுகில் விழுகிறது. தங்கை ஒருத்தி எதிரே வெள்ளை வேட்டியைப் பிடிக்கிறாள். அவளுடைய கை நடுங்குவதைக் கண்டு பாட்டி சிரிக்கிறார். அக்கணம் படமாகிறது. பிற்காலத்தில் அவரை நேரில் காணாத குழந்தைகள் அப்படத்தைக் கொண்டே அவரை அறிவர். அவர்கள் காணப்போவது வெயிலுக்கு அஞ்சிய முகத்தை அன்று. பாட்டியின் சிரித்த முகத்தையே.