மலையகப் பிஞ்சுகளின் மூளை வளர்ச்சி: முதல் வாரங்களைத் தவறவிடலாகாது

பிறந்த குழந்தை அதிகம் அழாமலும் பாலுக்கு எழும்பாமலும் உறங்கிக்கொண்டேயிருந்தால், "சாதுவான பிள்ளை" என மகிழ்வது எமது வீடுகளில் வழக்கம். பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் லயன் அறையொன்றில் பல சுமைகளைத் தாங்கும் தாய்க்கு அது ஆறுதலாகவும் தோன்றலாம். எனினும், அந்த அமைதியே நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதை எம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

பிறவியிலேயே தைரொயிட் சுரப்பி சரிவர இயங்காத குழந்தைகள் இவ்வாறு சோர்ந்து கிடப்பதுண்டு. நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பெரிதான நாக்கு, கரகரத்த அழுகை என்பன ஏனைய அறிகுறிகளாகும். சுரப்பி உரிய முறையில் உருவாகாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரு பகுதியினருக்குப் பரம்பரை அலகுகளின் மாற்றம் காரணமாகிறது. மூளை வேகமாக வளரும் காலத்தில் தைரொயிட் ஓமோன் கிடைக்காவிடின் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். ஆனால், முதல் இரண்டு வாரங்களுக்குள் தைரொக்சின் மாத்திரையை ஆரம்பித்து ஒழுங்காகக் கொடுத்துவந்தால், பெரும்பாலான குழந்தைகள் ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்து கல்வி கற்பர். அறிகுறிகள் வெளிப்படும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

'பீனைல்கீட்டோநியூரியா' எனும் பரம்பரை நோயும் இப்பாடத்தையே உணர்த்தியது. 1934இல் நோர்வே வைத்தியர் ஃபொலிங் அதனை இனங்கண்டார். 1950களில் விசேட உணவுமுறையால் பாதிப்பைத் தடுக்கலாம் எனத் தெரியவந்தது. 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ரொபர்ட் கத்ரி, சிசுவின் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே அதனைக் கண்டறியும் வழியை வகுத்தார்.

இலங்கையில் பிறவித் தைரொயிட் குறைபாட்டுக்கான சிசுப் பரிசோதனை 2010இல் தென் மாகாணத்தில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இரத்தம் எடுப்பதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. முடிவு வழமைக்கு மாறாயின், அச்செய்தி லயன் வீட்டை உடனடியாகச் சென்றடைய வேண்டும். முகவரி தெளிவின்மை, கரடுமுரடான பாதை, விளங்காத மொழியில் வழங்கப்படும் அறிவுறுத்தல், ஒருநாள் சம்பளத்தை இழக்கும் அச்சம் ஆகியன அதற்குத் தடையாகிவிடக் கூடாது.

நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்வது தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் காணப்படும் வழக்கமாகும். இருவரும் ஒரே குறைபாடுள்ள அலகைக் கொண்டிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே, குடும்பத்தில் மூளை வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளை இருப்பின் வைத்திய ஆலோசனை பெறுவது அவசியம். இதில் தாயைக் குறைகூறுவதற்கு எதுவுமில்லை.

டவுன் நோய்க்குறி போன்றவற்றை முற்றாகக் குணப்படுத்த முடியாது என்பது உண்மையே. ஆயினும், இதயம், செவிப்புலன், தைரொயிட் ஆகியவற்றை நேரகாலத்துடன் பரிசோதிப்பதும், உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி அளிப்பதும் அப்பிள்ளைகளின் வாழ்வை மாற்றவல்லன. விதியென்று கூறி அவர்களை வீட்டுக்குள் மறைத்து வைப்பதே பெரும் இழப்பாகும்.

தமிழில் உரையாடக்கூடிய குடும்பநல உத்தியோகத்தர்களைத் தோட்டங்களுக்கு நியமிப்பதும், பிள்ளைக்காம்பராப் பணியாளர்களுக்கு இவ்வறிகுறிகள் பற்றிப் பயிற்சியளிப்பதும், கிளினிக் செல்லும் தாயின் சம்பளத்தைத் தோட்ட நிர்வாகங்கள் வெட்டாதிருப்பதும் ஊவாவுக்கு உடனடித் தேவைகளாகும். வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன், "எமது பிள்ளைக்குக் குதிக்கால் இரத்தம் எடுக்கப்பட்டதா? முடிவை யார் அறிவிப்பார்?" எனப் பெற்றோரும் தயங்காது கேட்க வேண்டும். சில துளி இரத்தமும் ஒரு சிறு மாத்திரையும் உரிய வேளையில் கிட்டாததால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் இருண்டுபோக நாம் இடமளிக்கலாகாது.