'லர்க்' என்னும் சொல்



இன்று நாம் 'லர்க்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி அறிந்து கொள்வோம். 'மறைந்திரு' என்பது இதன் பொருள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அது மட்டும் போதாது. 'ஹைட்' என்றாலும் மறைவதுதானே! அப்படியானால் வேறுபாடு என்ன?

கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. இது 'ஹைட்'. கோழியைப் பிடிக்க மரநாய் கூண்டருகே இருட்டில் காத்திருக்கிறது. இது 'லர்க்'. மறைவோடு தீய நோக்கமும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் இச்சொல் வரும். புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோம் அல்லவா? அந்தப் 'பதுங்குதல்' இதற்கு மிகவும் பொருத்தம்.

இந்த நுட்பம் தெரியாவிட்டால் வம்பு வரும். மழைக்காக ஸ்டோர் ஓரம் ஒதுங்கிய தொழிலாளி, 'ஐ வாஸ் லர்க்கிங் நியர் தெ ஸ்டோர்' என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? திருடக் காத்திருந்தான் என்றே நினைப்பார். 'ஐ வாஸ் ஷெல்டரிங் ஃப்ரம் தெ ரெயின்' என்பதே சரி. ஒரு சொல்லால் ஒருவருடைய நல்ல பெயரே கெடலாம்.

இலக்கணத்தையும் கவனிப்போம். பதுங்குதல் வேறு, பதுக்குதல் வேறு. அரிசியைப் பதுக்கலாம்; அரிசியைப் பதுங்க முடியாது. 'லர்க்' என்பதும் பதுங்குதலைப் போலச் செயப்படுபொருளை ஏற்காது. 'ஹி ஹிட் தெ மனி' என்று சொல்லலாம். 'ஹி லர்க்ட் தெ மனி' என்பது பிழை.

நோக்கமே இல்லாத ஆபத்துக்கும் இச்சொல் வரும். வெட்டி அடுக்கிய செம்பனை மட்டைகளின் அடியில் பாம்பு இருக்கலாம். பழைய டயரில் தேங்கிய நீரில் டிங்கிக் கொசு முட்டையிடலாம். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய ஆபத்தை 'டேஞ்சர் லர்க்ஸ் ஹியர்' என்பார்கள். மனத்தின் அடியில் கிடக்கும் ஐயம் 'லர்க்கிங் டவுட்'.

பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். ஒளிவதற்கும் பதுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். தாய்மொழியில் பொருள் தெளிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லும் எளிதில் பிடிபடும்.