திறந்த பெட்டியும் எரிபொருள் செலவும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பிக்கப் டிரக்கின் பின்கதவைத் தாழ்த்திவிட்டால் காற்று தடையின்றி வெளியேறிப் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவினாலும், காற்றுச் சுரங்கச் சோதனைகள், அதாவது நிறுத்திவைத்த வாகனத்தின்மீது பெருவிசிறிகளால் காற்றைச் செலுத்தி அதன் தடையை அளக்கும் சோதனைகள், பெரும்பாலும் இதற்கு மாறான முடிவையே காட்டுகின்றன. பின்கதவு மூடியிருக்கும்போது டிரக்கின் திறந்த சரக்குப் பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகித் தங்கிவிடுவதால், ஓட்டுநர் அறையின் கூரையைத் தாண்டி வரும் காற்று அச்சுழலின்மீது வழுக்கிக்கொண்டு பின்னோக்கிச் செல்கிறது. பெட்டியில் கிடக்கும் சருகு வெளியே பறந்துவிடாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதில் இதைக் கண்ணாலேயே காணலாம். கதவைத் தாழ்த்தினால் அச்சுழல் குலைந்து, காற்றுத்தடை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். பெட்டியை மூடும் தட்டையான உறை ஓரளவு உதவும்.

ஆயினும் உறையைவிட வேகமே முதன்மையானது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் மைலேஜ் விரைந்து சரிகிறது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1974-இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் வேக வரம்பை விதித்ததன் நோக்கமும் எரிபொருள் சேமிப்பே. நகருக்குள் நின்று நின்று ஓடும்போதோ எடையே பெருஞ்சுமையாகிறது. 2015-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் அலுமினிய உடலுக்கு மாறி, சில வகைகளில் 300 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது இதனால்தான். பெட்டியில் மாதக்கணக்கில் மறந்து கிடக்கும் மணல் மூட்டைகளும் டயரில் குறைந்துபோன காற்றும் அதே எரிபொருளைத்தான் வீணாக்குகின்றன.