மூட்டு வலி வந்தால் ஏர் கன்னை மூட்டை கட்டிவிட வேண்டுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூர் வழியாக ஏறுவது மற்றொன்று. அந்தக் குப்பனூர்ப் பக்கம் எங்கள் பெரியத்தாவுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு, மண்மேட்டுக்கு முன்னால் காலி டப்பாக்களை அடுக்கி ஏர் கன்னால் சுடுவது அவருடைய பல வருடப் பொழுதுபோக்கு. ஒரு மார்கழியில் போனபோது துப்பாக்கி பரண் மேல் கிடந்தது. "விரலு மடங்கல தம்பி, நமக்கு அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார்.

எனக்கு உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முதுமையில் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து அம்பெய்துகொண்டிருந்த அவர்களிடம், இந்த வயதில் இது சிரமமாயிற்றே என்று ஒருவர் கேட்டார். அம்பெய்யக் கற்றபின் அதைக் கைவிடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததையே அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. (இதைக் காட்டி நோயாளியைக் குற்றவாளியாக்கக் கூடாது. சக்திக்கு மீறி யார் மீதும் கடமை இல்லை.)

ஆனால் பெரியத்தாவுக்கு உண்மையிலேயே முடியாமல் போய்விட்டதா? விசாரித்தால், எட்டு மாதமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் போட்டு வந்திருக்கிறார். மருத்துவரிடம் ஒருமுறைகூடப் போகவில்லை. நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான்.

மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல. வயதால் வரும் தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைத் தாமதித்தால் மூட்டே உருக்குலைந்துவிடும். பெரியத்தாவுக்கு இருந்தது இரண்டாவது வகை. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியை மறைக்குமே தவிர இந்த நோயை நிறுத்தாது. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். முடக்குவாதத்துக்கு அதிகம் எழுதப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மருந்து. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஒருவர் கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பது நல்லது.

மருந்து பிடித்த பிறகு துப்பாக்கி பற்றிப் பேசினோம். அவருடையது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் பழைய வகை. வலிக்கும் கைக்கு அந்த மடக்கல்தான் எதிரி. விசையை இழுப்பதில் பாதிச் சிரமம்கூட இல்லை. இப்போது பேரன் மடக்கிக் கொடுக்கிறான். குழல் மடங்கியிருக்கும்போது விசையருகே யாருடைய விரலும் போகக் கூடாது, தெறித்து மூடினால் விரலை நசுக்கிவிடும். காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை அதிகம். விசையை இலகுவாக்குகிறேன் என்று வீட்டிலேயே திருகாணியைத் திருகுவது வேண்டாம்.

நின்று சுடுவதை விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொள்கிறார். முதலில் தயங்கினார். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஹங்கேரியின் காரோலி தகாக்ஸ் 1938-இல் வெடிகுண்டில் வலது கை சிதைந்தபின், இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்குகளில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் துப்பாக்கியைத் தொட்டதே அறுபது வயதைத் தாண்டித்தான்.

சுடும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தால் விறைப்பு தளரும். மூட்டு சிவந்து சூடாக இருந்தால் சூட்டைத் தவிர்த்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். அன்று துப்பாக்கிக்கு விடுமுறை. கட்டைவிரலின் அடிமூட்டு வலிப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தாங்குபட்டை அணியலாம். விரல் மரத்துப் போயிருந்தாலோ, மயக்கம் தரும் வலி மாத்திரை போட்டிருந்தாலோ துப்பாக்கியைத் தொடவே கூடாது.

டப்பாவுக்குப் பதில் மரத்திலிருக்கும் குருவியைக் குறிவைக்க ஆசைப்படும் பேரன்களும் உண்டு. உயிருள்ளதை இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையைத் தடை செய்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் வனத்துறை கண்ணில் படாமல் எதுவும் நடக்காது என்பதும் பெரியத்தாவுக்குத் தெரியும்.

போன மாதம் போயிருந்தேன். பத்து டப்பாவில் நான்கை விழுத்தினார். முன்பு எட்டு விழும். "மணல் பை இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்" என்று பேரனை விரட்டிக்கொண்டிருந்தார்.